சுரண்டி எடுத்த வால்நட்சத்திரம்

1970 ஏப்ரல் மாதம், அமாவாசைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் ஒரு வால்நட்சத்திரத்தைப் படம் எடுத்தேன். அந்தப் படம் இப்போது இல்லை. பிலிம் கெட்டுப்போகவில்லை, தொலையவில்லை, கரையான் தின்னவில்லை. காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் ஒருவர் மிகுந்த கவனத்தோடு மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டார். எட்டு வருஷம் ஆகிறது. கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறவில்லை.

கேமரா என் கைக்கு வந்தது 1964இல். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர்களில் ஒருவர், கப்பலில் கொண்டுவர முடிந்த நாலைந்து பொருள்களில் ஒன்றாக அதைக் கொண்டுவந்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்தது. குனிந்துதான் பார்க்க வேண்டும். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர். பள்ளி நூலகத்துக்கு ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்த ஆங்கிலப் பத்திரிகைகளில் புகைப்படக்கலை பற்றியவை முப்பது நாற்பது இருந்தன. அவற்றை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியும். அவற்றில் ஒன்றில் இரவு வானத்தைப் படம் எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை இருந்தது. அந்த இதழில் கடைசி இரண்டு பக்கம் கிழிந்திருந்தது. முக்கியமான சங்கதி எல்லாம் கிழிந்த பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

1968 முழுவதும் தோல்விதான். நாட்குறிப்பில் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஷட்டரைத் திறந்தபடி பத்து நிமிஷம் வைத்தால் நட்சத்திரம் எல்லாம் கோடு கோடாக விழுந்தது. முக்காலி ஆடுகிறது என்று நினைத்து, அதைச் செய்து கொடுத்த ஆசாரியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் அதன் காலை இழைத்து, ஆப்பு வைத்துக் கொடுத்தார். மறுபடியும் கோடு. அதற்கப்புறம்தான் நகர்வது முக்காலி அல்ல, பூமி என்று என் மரமண்டைக்கு எட்டியது. ஆசாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். "பூமி ஆடுனாலும் நாஞ் செஞ்ச காலு ஆடாதுய்யா, எழுதி வச்சுக்க" என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.

வானத்தை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் வானம் என்று தெரியாது. கீழே ஒரு வீடு வேண்டும், வீடு தெரிய வெளிச்சம் வேண்டும். அதற்கும் அந்தக் கட்டுரையில் ஒரு வழி சொல்லியிருந்தது. ஷட்டர் திறந்திருக்கும்போதே ஒருவர் டார்ச் விளக்கோடு போய்ச் சுவரின் மேல் வெளிச்சத்தைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். தடவிய இடமெல்லாம் படத்தில் பதியும். நடக்கிறவர் ஓரிடத்தில் நிற்காமல் நடந்தால் அவர் பதிய மாட்டார். சுண்ணாம்பு அடிக்கிறவன் மட்டை பிடிப்பதுபோல், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எங்கும் தங்காமல். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு இருக்கும். நேராக அடித்தால் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பித் தெறிக்கும். பக்கவாட்டில் சாய்த்துத் தடவ வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று பிலிம் ஆயிற்று.

நடக்கிறவர் பதிய மாட்டார் என்று எழுதிய புண்ணியவான் வேட்டி கட்டாதவர். என் முதல் படத்தில் சுவர் நெடுக வெள்ளையாக ஒரு பேய் போய்க்கொண்டிருந்தது. அது நான்தான், என் எட்டு முழம்தான். தங்கை ஒரு பழைய வேட்டியைக் கறுப்புச் சாயத்தில் முக்கிக் கொடுத்தாள். கறுப்புச் சட்டையும் ஒன்று தைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "எப்பலருந்து சாமி இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சீக?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் கறுப்புச் சட்டைக்கு இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். நட்சத்திரம் எடுப்பதற்காக என்று சொன்னேன். அதை நம்புவதைவிட நான் கட்சியில் சேர்ந்ததை நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது.

தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். அமராவதிபுதூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்போது மானகிரியில் அம்மாவும் நாங்கள் இருவரும்தான். நான் டார்ச்சோடு சுவரில் இருக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். லென்ஸை அட்டையால் மூடித் திறக்க வேண்டும், நொடி எண்ண வேண்டும். நூற்றைம்பது நொடியைத் தாண்டினால் நட்சத்திரம் கோடாகிவிடும். அவள் எண்ணினால் நூற்றைம்பது என்பது நூற்றைம்பதுதான். கடிகாரம் வைத்துச் சோதித்திருக்கிறேன்.

1970 பங்குனியில் வால்நட்சத்திரம் வந்தது. கீழ்வானில், சற்று வடக்கே ஒதுங்கி, விடியுமுன் நாலு மணிக்கு வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. தலை ஒரு நல்ல நட்சத்திரத்தின் பிரகாசம், மேல்நோக்கிச் சீறிய வால். நிலா தேய்ந்து மறையும் நாளுக்காகக் காத்திருந்தோம். கானாடுகாத்தானில் ஒரு ஊருணிக்கு மறுகரையில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். இக்கரையில் கேமராவை வைத்தால் வீட்டுக்கு நேர்மேலே வால்நட்சத்திரம் வரும். தங்கையைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து இரண்டு மணிக்கே மிதிக்கத் தொடங்கினேன்.

அவளை இக்கரையில் விட்டுவிட்டு நான் வீட்டுச் சுவரில் பாதி தூரம் தடவிக்கொண்டு போயிருப்பேன். "யார்ரா அங்குட்டு?" என்று ஒரு குரல். வீட்டுக் காவல்காரர், தடியோடு வந்துவிட்டார்.

"படம் எடுக்கிறோம் ஐயா."

"படம் எடுக்கிறவன் கேமராவ எங்க வச்சிருக்க?"

"அக்கரையில."

"கேமரா அக்கரையில, நீ இக்கரையில. என்னையப் பாத்தா எப்படித் தெரியுது?"

மறுகரையிலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி நாலு. அண்ணே, நிக்காதீக, நின்னா பதிஞ்சிருவீக!"

பெண்குரல் கேட்டதும் அவர் தடியைத் தாழ்த்தினார். நான் அவரையும் நடக்கச் சொன்னேன். இருவரும் சுவரோரம் நடந்துகொண்டே பேசினோம். மேலே காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுவா, தூமகேதுல்ல? அதப் பாத்தாலே குளிக்கணும். நீ படம் வேற எடுக்கிற" என்றார். ஆனால் அடுத்த மூன்று படத்துக்கும் கூடவே நடந்தார். நான்காவதில் டார்ச்சை அவரே வாங்கிக்கொண்டார். என்னைவிடச் சீராகத் தடவினார்.

நான்கு படம். எல்லாம் சரியாக வந்தது என்று அப்போதே மனசுக்குத் தெரிந்தது. முக்காலி ஆடவில்லை, லென்ஸில் பனி இறங்கவில்லை, எண்ணிக்கை பிசகவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தங்கை பாடிக்கொண்டு வந்தாள்.

பிலிம் கழுவ எனக்கு அப்போது தெரியாது. காரைக்குடி ஸ்டுடியோவில்தான் கொடுக்க வேண்டும். அந்த ஸ்டுடியோக்காரரின் பெயர் இந்தச் சீமை முழுக்கப் பிரசித்தம், படம் எடுப்பதற்காக அல்ல, டச்சிங் செய்வதற்காக. கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மூங்கில் குச்சியில் செருகிய பிளேடு நுனியால் நெகட்டிவைச் சுரண்டுவார். இல்லாததைப் பென்சிலால் சேர்ப்பார். கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் அனுப்ப வேண்டும் என்றால் அவரிடம் போகும். மச்சம், தழும்பு, மாறுகண், முன்பல், எல்லாம் போய்விடும். பினாங்கில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் அவர் கைபட்ட முகம்தான் போய்ச் சேரும்.

நான் பிலிமைக் கொடுக்கும்போது என்ன சொன்னேன் என்பதை அன்று இரவே எழுதி வைத்திருக்கிறேன், அதனால் மறைக்க முடியாது. "முக்கியமான படம். சுத்தமாப் பண்ணிக் குடுங்க" என்றேன். வழக்கமாக எல்லோரும் சொல்லுகிற வார்த்தை.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். போனேன்.

"வாங்க சார், வாங்க. உங்க பிலிமு என்னையப் பாடாப் படுத்திருச்சு. எந்தக் கடையில வாங்குனீக? ஒரே புள்ளி. அந்தக் கடைக்காரனச் சும்மா விடாதீக."

"என்ன புள்ளி?"

"புள்ளின்னா புள்ளி, ஆயிரம் இருக்கும். கல்யாண வேலையெல்லாம் தள்ளி வச்சுட்டு மூணு நாள் உக்காந்தேன். புள்ளியக்கூட எடுத்துறலாம், வீட்டுக்கு நேர் மேல ஒரு கறை சார். எவனோ எச்சக் கைய வச்சு இழுத்த மாதிரி. நாலு படத்துலயும் அதே இடத்துல. அத எடுக்கத்தான் உசுரு போச்சு."

பிரிண்டை எடுத்து மேஜையில் வைத்தார். வீடு அப்படியே ஒளிர்ந்தது. தூண், வளைவு, மேல்மாடச் சிலை, எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த சிலேட்டுபோல் ஒரு வானம்.

"அது வால்நட்சத்திரம்" என்றேன்.

"எது சார்?"

"அந்தக் கறை."

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னார்: "வால்நட்சத்திரத்த நானும் பாத்தேன் சார். மொட்டை மாடியில பிள்ளைகளையெல்லாம் எழுப்பிக் காட்டுனேன். அது எம்புட்டு அழகா இருந்துச்சு. இது கறை சார்."

நான் அன்று கத்தியதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. படம் எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து வெளியே போய்விட்டது. நெகட்டிவைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். சுரண்டிய இடம் தெரியாமல் சுரண்டியிருந்தார். என்ன கை! நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் தேடிப் பிடித்து எடுத்திருந்தார். தப்பிப் பிழைத்த நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வானத்தில் என்ன இருக்கும் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். மாடியில் பிள்ளைகளை எழுப்பிக் காட்டிய மனிதர்! கண்ணால் கண்டதைக் கையால் அழிக்கிறோம் என்று எப்படி ஒருவருக்குத் தோன்றாமல் போகும்?

"நீங்கதான சார் சுத்தமா இருக்கணும்னீக?" என்று மட்டும் கேட்டார்.

பிரிண்டையும் நெகட்டிவையும் அவர் மேஜையிலேயே எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் நான் அடங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். இருப்பதை இல்லை என்று காட்டுவது என்ன தொழில், உண்மையைச் சுரண்டிச் சாப்பிடுகிறவனும் ஒரு மனிதனா, இப்படி. தங்கை பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"எம் மூஞ்சியில சுரண்டச் சொன்னப்ப இம்புட்டுக் கோவம் வரலையேண்ணே ஒங்களுக்கு."

அவளுக்கு ஒன்பது வயதில் பெரியம்மை போட்டிருந்தது. 1966இல், அதே கேமராவில், எங்கள் முற்றத்தில் வைத்து அவளை நான்தான் படம் எடுத்தேன். அதே ஸ்டுடியோவுக்கு நான்தான் கொண்டுபோனேன். "ஒரு புள்ளி தெரியக் கூடாது" என்று சொன்னவனும் நான்தான். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் எடுத்துக்கொண்டு அவள் வந்து நின்றபோது, வந்திருந்தவர்களில் ஒரு பெண்மணி கையில் இருந்த படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிற பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்து பெட்டியைத் திறந்து அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "பெண் பார்க்க வந்தார்கள். அமையவில்லை. மாலையில் மழை." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். 1968 நாட்குறிப்பில் ஆசாரி சொன்னது வார்த்தை வார்த்தையாக இருக்கிறது. இதில் அந்தப் பெண்மணி சொன்னது இல்லை.

"அந்தப் படம் இன்னும் அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கு" என்றாள் தங்கை. "டச்சிங்குக்கு மாதிரியாம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஓரமாத்தான் நான் எப்பவும் போவேன். நீங்க நாலு வருஷமா அந்தக் கடைக்குப் போறீக, வாறீக."

நான் பார்த்திருந்தேன். பார்த்து, நல்ல வேலை என்று நினைத்திருந்தேன்.

சித்திரை பிறந்த பிறகு இன்னொரு முறை கானாடுகாத்தான் போனோம். அவள் வந்தாள், எண்ணினாள். திரும்பும்போது பாடவில்லை. வால்நட்சத்திரம் மங்கி, வடக்கே இறங்கி, வீட்டைவிட்டு விலகிப் போயிருந்தது. அந்தப் பிலிமை யாரிடமும் கொடுக்கவில்லை. மதுரையிலிருந்து மருந்து வாங்கிவந்து, ஜன்னலில் சாக்கை அடித்து, நானே கழுவக் கற்றுக்கொண்டேன். முதல் முறை கழுவிய பிலிமுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அதில் இன்றைக்கும் நான் விரல் வைத்துக் காட்டினால்தான் அடுத்தவருக்கு வால் தெரியும். காட்டியபோதும் பலர் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் ஸ்டுடியோவுக்கு முன்னால் நாலைந்து பேர் கூடி நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியில், தங்கையின் படத்துக்குப் பக்கத்தில், பெரிதாக்கி, சட்டம் போட்டு, கானாடுகாத்தான் வீடு. நட்சத்திரமில்லாத வானத்தோடு. "ராத்திரியில எடுத்த மாதிரியே இருக்கு பாருய்யா" என்றார் ஒருவர்.

உள்ளே போனேன். இந்த முறை கத்தவில்லை. இரண்டையும் எடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ரெண்டையும் எடுத்தா என் பெட்டியில என்ன சார் இருக்கு? நாப்பது வருஷக் கை சார் இது. ஒண்ண எடுத்துக்கங்க. எதுன்னு சொல்லுங்க."

தங்கையின் படத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதை அவள் கையில் கொடுத்தபோது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அந்த வீட்டுப் படம்?"

"ஒண்ணுதான் தருவேன்னாரு."

"அத விட்டுட்டு வந்தீகளா?" அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "நூத்தம்பது நூத்தம்பதா நாலு தடவ எண்ணுனது நான்ணே. கொசு கடிச்சப்பகூடக் கைய அசைக்கல. ஒங்க படம் ஒங்க படம்னே பேசுறீகளே, அது யாரு படம்?"

மறுநாள் பள்ளி விட்டதும் அவளே போனாள். கரும்பலகையில் எழுதுகிற உருண்டைக் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போய், கண்ணாடிக்கு வெளியே, அந்தப் படத்துக்கு நேராகச் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டு வந்துவிட்டாள். "இந்த வானத்தில் வால்நட்சத்திரம் ஒன்றும் மற்ற நட்சத்திரங்களும் இருந்தன. கடைக்காரர் எடுத்துவிட்டார்." சாயங்காலத்துக்குள் அவர் அதைச் சுரண்டிவிட்டார். மறுநாள் மறுபடியும் ஒட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். அவர் மறுபடியும் சுரண்டினார். மூன்றாம் நாளிலிருந்து நானும் கூடப் போனேன். பசைக் கிண்ணம் என் கையில் இருந்தது. அந்த மனிதர் ஒரு தடவைகூட வெளியே வந்து ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்து யாருடைய கன்னத்தையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்பது முறை. பத்தாவது முறை போனபோது பெட்டியில் அந்தப் படம் இல்லை. அது இருந்த இடத்தில் ஆணியும், வெளிறிய பின்துணியில் வெயில்படாத ஒரு சதுரமும்தான் இருந்தன.

தங்கை சீட்டைப் பிரித்தாள். இனி தேவையில்லையே, போகலாமா என்றேன்.

"எழுதிட்டு வந்தாச்சுல்ல" என்றாள். "பசையக் குடுங்க."

அந்தச் சதுரத்துக்கு நேராக ஒட்டிவிட்டு வந்தோம்.